நள்ளிரவு ஒன்றரைக்கு நேர்காணல்: சென்னையிலிருந்து பயோமெடிக்கல் பிஎச்.டி.க்குத் தயாராவது

அமெரிக்காவில் பயோமெடிக்கல் பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்கும் கெடு பெரும்பாலும் டிசம்பர் முதல் பாதியிலேயே முடிந்துவிடும். நேர்காணல்கள் ஜனவரி, பிப்ரவரியில். அங்கேயே இருக்கும் மாணவர்களைச் சில இடங்களில் நேரில் வரவழைப்பார்கள். கடல் கடந்து இருப்பவர்களுக்கு ஜூம்தான். அழைப்பு வந்துவிட்டதென்றால் மதிப்பெண், எஸ்ஓபி (ஏன் படிக்க விரும்புகிறீர்கள் என்று எழுதிய நோக்க அறிக்கை), பரிந்துரைக் கடிதம் எல்லாம் தம் வேலையை ஒழுங்காகச் செய்துவிட்டன என்று அர்த்தம். அமெரிக்க அரசின் மருத்துவ ஆய்வு அமைப்பான என்ஐஎச் கொடுக்கும் பயிற்சி மானியங்களில் சேர அமெரிக்கக் குடிமகனாகவோ நிரந்தர வசிப்புரிமை பெற்றவராகவோ இருக்க வேண்டும். வெளிநாட்டு மாணவருக்குப் பணம் வேறு கணக்கிலிருந்து வர வேண்டியிருப்பதால் இடங்களும் குறைவு. அந்தக் குறைவான இடங்களுக்கு உங்களைக் கூப்பிட்டிருக்கிறார்கள். சும்மா பேசிப் பார்க்கக் கூப்பிடவில்லை.

இங்கே பலர் செய்யும் தவறு, இதை வைவா மாதிரி நினைத்துப் பாடப்புத்தகத்தைப் புரட்டுவது. கிரெப்ஸ் சுழற்சியை யாரும் வரையச் சொல்லப்போவதில்லை. நீங்கள் செய்த வேலையில் ஒவ்வொரு படியையும் ஏன் செய்தீர்கள் என்று உங்களுக்குத் தெரிகிறதா என்பதைத்தான் பார்ப்பார்கள். ஆகவே கையில் பத்து நாள் இருந்தால் ஆறு நாள் உங்கள் சொந்த ஆய்வுக்கு, இரண்டு நாள் பேராசிரியர்களின் கட்டுரைகளுக்கு, மீதி இரண்டு ஒத்திகைக்கும் மின்சாரம், இணையம் பார்ப்பதற்கும்.

எந்த வகை நேர்காணல் என்று முதலில் பாருங்கள்

அமெரிக்க முறையில் பேராசிரியர்கள் தனித்தனியாகச் சந்திப்பார்கள். ஓரிரு நாட்களில் மூன்று முதல் ஆறு பேர், ஆளுக்கு இருபது முப்பது நிமிடம். இடையில் படிப்பின் இயக்குநர் பேசுவார், இப்போது படிக்கும் மாணவர்களோடு அரட்டை இருக்கும். ஐரோப்பாவில், உதாரணமாக மேக்ஸ் பிளாங்க் நிறுவனங்களின் ஐஎம்பிஆர்எஸ் படிப்புகளில், பெரும்பாலும் ஒரு குழு உட்கார்ந்திருக்கும். நீங்கள் ஸ்லைடு வைத்துக் கொஞ்ச நேரம் பேச வேண்டும், பிறகு எல்லோரும் கேள்வி கேட்பார்கள். எது உங்களுடையது என்று அழைப்புக் கடிதத்தில் இல்லையென்றால் ஒருங்கிணைப்பாளருக்கு எழுதிக் கேளுங்கள். ஸ்லைடு உண்டா, எத்தனை நிமிடம், யார் யார் பேசுவார்கள் என்று கேட்பது தப்பே இல்லை.

யேலின் பிபிஎஸ், வட கரோலினா பல்கலைக்கழகத்தின் பிபிஎஸ்பி போன்ற குடைப் படிப்புகளில் உங்களை ஒரு ஆய்வகத்துக்கு எடுப்பதில்லை, படிப்புக்கு எடுக்கிறார்கள். முதல் வருடம் இரண்டு மூன்று ஆய்வகங்களில் சில வாரங்கள் சுழன்று பார்த்துவிட்டுப் பிறகுதான் ஓரிடத்தில் சேர்வீர்கள். அதனால் உங்களிடம் பேசுபவர் உங்கள் துறைக்காரராக இருக்க வேண்டிய அவசியமில்லை. காசநோய்க் கிருமியில் வேலை செய்தவரிடம் வரிமீனின் (ஜீப்ராஃபிஷ்) இதயத்தை ஆராய்பவர் கேள்வி கேட்பார். தெரியாத ஆளுக்கும் புரிகிற மாதிரி ஒரு விளக்கம் கைவசம் இல்லையென்றால் அங்கேயே சறுக்கும்.

உங்கள் ஆய்வை நீங்களே குடைந்து பார்ப்பது

சென்னையில் எம்.எஸ்சி. கடைசிப் பருவத்தில் அடிக்கடி காணும் ஒரு ப்ராஜெக்டை எடுத்துக்கொள்வோம். நிலவேம்பு இலைச் சாறு, ஏ549 நுரையீரல் புற்றுநோய்ச் செல்கள், எம்டிடி சோதனை, ஒரு ஐசி50 எண் (செல்களின் செயல்பாட்டைப் பாதியாகக் குறைக்கும் சாற்றின் அளவு). இதை வைத்துக்கொண்டு நல்ல நேர்காணலும் கொடுக்கலாம், மோசமான நேர்காணலும் கொடுக்கலாம். கேள்விகள் இப்படித்தான் இறங்கும்.

ஏன் நிலவேம்பு? "சித்த மருத்துவத்தில் இருக்கிறது" என்பது பாதிப் பதில்தான். அதன் முக்கிய வேதிப்பொருள் ஆண்ட்ரோகிராஃபோலைடு, அது என்எஃப்-கப்பா-பி என்ற, மரபணுக்களை இயக்கும் புரதக் கூட்டின் பி50 புரதத்தில் ஒட்டிக்கொண்டு அதன் வேலையைத் தடுக்கிறது, அந்தப் பாதை பல புற்றுநோய்ச் செல்களில் ஓயாமல் இயங்குகிறது, அதனால் இந்தச் செடி என்று சொன்னால் பதில் முழுமையாகிறது.

எம்டிடி எதை அளக்கிறது? "செல் சாவை" என்று சொன்னீர்களானால் எதிரில் இருப்பவர் பேனாவைக் கீழே வைத்துவிடுவார். மஞ்சள் நிற உப்பைச் செல்லின் நொதிகள் ஊதா நிற ஃபார்மசானாக மாற்றுகின்றன. அதைக் கரைத்து 570 நானோமீட்டரில் படிக்கிறோம். அளப்பது வளர்சிதை மாற்றச் செயல்பாட்டை. எண் குறைந்தால் செல் செத்திருக்கலாம், பிரிவது நின்றிருக்கலாம், வெறுமனே சோர்ந்திருக்கலாம். உண்மையில் செத்ததா என்று அறிய அனெக்சின் வி சாயம் போட்டு ஃப்ளோ சைட்டோமெட்ரி, அல்லது எல்டிஎச் கசிவு, குறைந்தபட்சம் டிரிபான் புளூ எண்ணிக்கை தேவை. அவற்றை நீங்கள் செய்யவில்லை என்றால் பரவாயில்லை. செய்திருக்க வேண்டும் என்று நீங்களே முதலில் சொல்லிவிட வேண்டும்.

அடுத்தது சிக்கலான இடம். மூலிகைச் சாற்றில் ஃபிளேவனாய்டு போன்ற ஆன்டிஆக்சிடண்டுகள் இருக்கும். இவை செல்லே இல்லாமல் எம்டிடியை நேரடியாக ஊதாவாக்கிவிடும். விளைவு: செல் செத்திருந்தாலும் கிணற்றில் (சோதனைத் தட்டின் குழியில்) நிறம் ஏறி, சாறு உண்மையில் இருப்பதைவிடச் சாதுவாகத் தெரியும். செல் இல்லாத கிணற்றில் சாறும் எம்டிடியும் மட்டும் விட்டு ஒரு கட்டுப்பாடு (கன்ட்ரோல்) வைத்தீர்களா? எம்டிடி ஊற்றுவதற்கு முன் சாற்றைக் கழுவி எடுத்தீர்களா? இந்த ஒரு கேள்விக்குத் தயாராக இருப்பவரை நேர்காணல் செய்பவர் மறக்க மாட்டார். பெரும்பாலான ப்ராஜெக்டுகளில் அந்தக் கட்டுப்பாடு இருக்காது. இல்லை என்று ஒப்புக்கொண்டு, இருந்திருந்தால் எண் எந்தப் பக்கம் நகர்ந்திருக்கும் என்றும் சொல்லுங்கள்.

இன்னும் சில கேள்விகள் வரிசையில் நிற்கும். சாற்றைக் கரைத்த டிஎம்எஸ்ஓவின் அளவு எல்லாக் கிணற்றிலும் ஒன்றா, 0.5 சதவீதத்தைத் தாண்டியதா? "n = 3" என்று எழுதியிருக்கிறீர்களே, அது ஒரே நாளில் ஒரே தட்டில் மூன்று கிணறா, அல்லது மூன்று வெவ்வேறு நாள், வெவ்வேறு பாசேஜ் (புதுத் தட்டுக்கு மாற்றி வளர்த்த தலைமுறை) செல்களா? முதலாவது உங்கள் பிப்பெட் கை சுத்தமா என்பதை மட்டும் காட்டும். இரண்டாவதுதான் முடிவு மறுபடியும் வருமா என்பதைக் காட்டும். புள்ளியியல் சோதனை எது போட்டீர்கள் என்ற கேள்வி இதன் வாலைப் பிடித்துக்கொண்டே வரும். புற்றுநோய் அல்லாத செல்லில் போட்டுப் பார்த்தீர்களா? செல்களைப் புனேயில் உள்ள தேசிய செல் அறிவியல் மையமான என்சிசிஎஸ்-இலிருந்து வாங்கினீர்களா, பக்கத்து ஆய்வகத்திலிருந்து ஒரு குடுவை கேட்டு வாங்கினீர்களா, செல்களில் கலந்துவிடும் மைக்கோபிளாஸ்மா கிருமி இருக்கிறதா என்று பார்த்தீர்களா? ஐசி50 மில்லிலிட்டருக்கு இருநூறு மைக்ரோகிராமைத் தாண்டினால் வீரியம் குறைவு என்று நீங்களே சொல்லிவிடுவது மேல். அவர் சொல்லி நீங்கள் தலையாட்டுவது அழகல்ல.

ப்ராஜெக்ட் வேறு வகையாக இருந்தாலும் குடைவது இதே மாதிரிதான். ஹைபாக்சியாவில் (ஆக்சிஜன் குறைந்த சூழலில்) வைத்த செல்களில் மரபணுச் செயல்பாட்டை அளக்கும் கியூபிசிஆர் செய்து ஜிஏபிடிஎச்-ஐ ஒப்பீட்டு மரபணுவாக வைத்திருந்தால் மாட்டிக்கொள்வீர்கள், ஏனென்றால் பல செல் வகைகளில் ஆக்சிஜன் குறையும்போது ஜிஏபிடிஎச்-சே கூடுகிறது. மருந்து புரதத்தில் எப்படிப் பொருந்தும் என்று கணினியில் கணிக்கும் டாக்கிங் மட்டும் செய்திருந்தால், மைனஸ் ஒன்பது என்று ஒரு ஸ்கோர் வந்ததால் மருந்து ஒட்டிக்கொண்டது என்று சொல்லக் கூடாது. படிகக் கட்டமைப்பில் ஏற்கெனவே இருந்த லைகண்டை (புரதத்தில் ஒட்டியிருக்கும் மூலக்கூறை) எடுத்துத் திரும்ப டாக் செய்தீர்களா, அது பழைய இடத்திலிருந்து 2 ஆங்ஸ்ட்ராமுக்குள் வந்து உட்கார்ந்ததா என்று கேட்பார்கள். டாக்கிங் நம்பகமானதா என்பதற்கு அதுதான் குறைந்தபட்சச் சோதனை.

செய்ய வேண்டியது இதுதான். ஆய்வேட்டில் உள்ள ஒவ்வொரு படத்துக்கும் ஒரு தாள் எடுங்கள். கேட்ட கேள்வி என்ன, கட்டுப்பாடு எது, எத்தனை முறை, முடிவு தலைகீழாக வந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று நான்கு வரி எழுதுங்கள். எட்டுப் படம் இருந்தால் எட்டுத் தாள். எழுத முடியாத படம் எதுவோ அங்கேதான் கேள்வி விழும். கடைசியாக ஒரு தாளில், இன்னும் மூன்று மாதம் கிடைத்தால் என்ன சோதனை செய்வீர்கள், ஒரு வருடம் கிடைத்தால் என்ன செய்வீர்கள் என்று எழுதி வையுங்கள். இது கட்டாயம் வரும்.

சொல்லும் விதம்

ஒரே ஆய்வுக்கு மூன்று நீளத்தில் விளக்கம் வேண்டும்: அரை நிமிடம், இரண்டு நிமிடம், ஐந்து நிமிடம். இரண்டு நிமிடம்தான் அதிகம் பயன்படும். கடிகாரம் வைத்துப் பேசிப் பாருங்கள். முதல் தடவை எல்லோருக்கும் நான்கு நிமிடம் ஆகும், ஏனென்றால் பின்னணியிலேயே இரண்டு நிமிடம் போய்விடும். "புற்றுநோய் என்பது உலகெங்கும்..." என்ற பாட்டை வெட்டி எறியுங்கள். எதிரில் இருப்பவர் இருபது வருடமாகப் புற்றுநோயில்தான் இருக்கிறார்.

நம் ஊர்ப் படிப்பு ஊட்டிய இரண்டு பழக்கம் இங்கே காலை வாரிவிடும். ஒன்று, எதைக் கேட்டாலும் இலக்கணத்திலிருந்து தொடங்குவது. வெஸ்டர்ன் பிளாட் ஏன் செய்தீர்கள் என்று கேட்டால் "வெஸ்டர்ன் பிளாட் என்பது புரதங்களைப் பிரித்தறியும் ஒரு முறை" என்று ஆரம்பிப்பது. பதின்மூன்று மதிப்பெண் கேள்விக்கு அது சரி. இங்கே அது கேள்வி புரியவில்லை என்ற அர்த்தம் தரும். காரணத்தை முதல் வாக்கியத்தில் வையுங்கள்.

இன்னொன்று "வீ". வீ டிட், வீ அப்சர்வ்ட், வீ கன்க்ளூடட். அடக்கமாகத்தான் சொல்கிறோம், ஆனால் கேட்பவருக்கு நீங்கள் என்ன செய்தீர்கள், சீனியர் என்ன செய்தார், வெளியே காசு கொடுத்து எதைச் செய்து வாங்கினீர்கள் என்று பிரியாது. சீக்வென்சிங் கம்பெனியில் கொடுத்தது என்றால் கொடுத்தோம் என்று சொல்லுங்கள். அதில் வந்த தரவை ஆராய்ந்தது நீங்கள் என்றால் "ஐ" என்று அழுத்திச் சொல்லுங்கள். இது திமிர் இல்லை, அங்கே இது வெறும் தகவல்.

ஏன் பிஎச்.டி., ஏன் இந்தப் படிப்பு என்ற கேள்விகளுக்கு நீளமான உரை தேவையில்லை. ஒரு ஆய்வுக் கேள்வி, அதைத் தொடர அங்கே இருக்கும் இரண்டு மூன்று ஆய்வகங்களின் பெயர், அவ்வளவு போதும். தரவரிசையைச் சொல்லாதீர்கள்.

பேராசிரியர்களைப் பற்றிப் படிப்பது

நாள் நெருங்கும்போதுதான் பெயர்கள் வரும், சில சமயம் முதல் நாள் மாலைதான். ஒருவருக்கு ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் பப்மெட் தளத்தில் அவர் கடைசி ஆசிரியராக (ஆய்வகத் தலைவரின் பெயர் பெரும்பாலும் கடைசியில் வரும்) இருக்கும் சமீபத்திய இரண்டு கட்டுரைகளை எடுங்கள். சுருக்கத்தையும் படங்களையும் பாருங்கள், முழுதும் படிக்க நேரமிருக்காது. பிறகு என்ஐஎச் ரிப்போர்ட்டர் தளத்தில் அவர் பெயரைப் போடுங்கள். அவருக்குக் கிடைத்திருக்கும் மானியங்களின் சுருக்கம் அங்கே எல்லோருக்கும் திறந்திருக்கிறது. கட்டுரை என்பது அவர் சில வருடம் முன்னால் செய்தது, மானியம் என்பது இனி செய்யப்போவது. இதைப் பார்த்துவிட்டுப் பேசும் மாணவர்கள் குறைவு, அதனால் தனித்துத் தெரியும்.

கட்டுரையைப் புகழ வேண்டாம். ஒரு படத்தைப் பற்றி உண்மையான சந்தேகம் ஒன்று இருந்தால் போதும். பாதி நேர்காணலில் அவரே தன் வேலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார், இடையில் நிறுத்தி "ஏன் அந்த மாதிரி எலி?" என்று கேட்க ஒரு கேள்வி வேண்டும்.

கடிகாரக் கணக்கு

ஜனவரி, பிப்ரவரியில் பாஸ்டன், நியூயார்க் நம்மைவிட பத்தரை மணி நேரம் பின்னால் இருக்கும். சிகாகோ, ஹூஸ்டன் பதினொன்றரை. கலிஃபோர்னியா பதின்மூன்றரை. பாஸ்டனில் காலை 9 மணி என்றால் இங்கே இரவு 7:30, அங்கே மதியம் 3 என்றால் இங்கே நள்ளிரவு தாண்டி 1:30. மார்ச் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கடிகாரத்தை முன்னால் தள்ளிவிடுவார்கள், அன்றிலிருந்து ஒரு மணி நேரம் குறையும். இங்கிலாந்துக்கு ஐந்தரை, ஜெர்மனிக்கு நாலரை மணி நேரம். அவர்கள் மார்ச் கடைசி ஞாயிறு மாற்றுவார்கள்.

உண்மையில் ஆளைக் கவிழ்ப்பது மணி இல்லை, தேதி. "வெள்ளி மதியம் 2 மணி, பசிபிக்" என்று வந்தால் அது இங்கே சனிக்கிழமை அதிகாலை 3:30. அதை வெள்ளி அதிகாலை என்று குறித்து வைத்து, ஒரு நாள் முன்னால் எழுந்து காத்திருந்தால் தூக்கம்தான் நஷ்டம். ஞாயிறு என்று நினைத்தால் நேர்காணலே போய்விடும். கூகுள் காலண்டரில் அவர்கள் நேர மண்டலத்தைத் தேர்ந்தெடுத்து உள்ளிடுங்கள், இங்கத்திய நேரத்தை அதுவே காட்டும். மனக்கணக்கு வேண்டாம்.

காலை நேரமாகக் கொடுக்க முடியுமா என்று கேட்டு எழுதலாம். பத்தரை மணி நேர வித்தியாசம் இருக்கிறது, உங்கள் நேரம் மதியத்துக்கு முன்னால் இருந்தால் உதவியாக இருக்கும் என்று இரண்டு வரி. முடிந்தவரை செய்து கொடுப்பார்கள். முடியாதென்றால் மூன்று நாள் முன்பிருந்தே மதியம் தூங்கி இரவில் விழித்துப் பழகுங்கள். ஒத்திகையையும் அதே நேரத்தில் வையுங்கள், ஏனென்றால் மாலை ஆறு மணிக்குச் சரளமாக வரும் ஆங்கிலம் இரவு ஒன்றரைக்கு வராது. தயிர் சாதம் சாப்பிட்டுவிட்டு உட்காராதீர்கள். இரண்டு இட்லி, ஒரு அரை டம்ளர் காபி போதும்.

கலிஃபோர்னியாக்காரர்களுக்கு ஒரு கூடுதல் எச்சரிக்கை. அவர்களுடைய பிற்பகல் நமக்கு விடிகாலை. ஜனவரி முதல் பாதி மார்கழி. தெருக்கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை தொடங்கும் நேரமும் உங்கள் கடைசிப் பேராசிரியர் வரும் நேரமும் ஒன்றாகலாம். போகி என்றால் மேளம் வேறு. வீடு கோயிலுக்கு அருகில் இருந்தால் அன்று வேறு ஒரு வீட்டைப் பாருங்கள். தி.நகரில் இருப்பவர் சோழிங்கநல்லூரில் சித்தி வீட்டுக்குப் போய் உட்காருவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அந்த வீட்டு இணையத்தை முன்கூட்டியே போய்ச் சோதித்துவிட வேண்டும்.

மின்சாரமும் இணையமும்

இன்வெர்ட்டர் இருக்கிறது என்று நிம்மதியாக இருக்காதீர்கள். பல வீடுகளில் அது மின்விசிறிக்கும் விளக்குக்கும் மட்டும்தான் இணைந்திருக்கும், ரவுட்டர் மாட்டியிருக்கும் பிளக்குக்கு இருக்காது. மெயினை அணைத்துப் பாருங்கள், ஐந்து நிமிட வேலை. அடுக்குமாடி ஜெனரேட்டராக இருந்தாலும் மின்சாரம் போய் அது எழுவதற்குள் சில நொடி இடைவெளி வரும். அந்தச் சில நொடியில் ரவுட்டர் அணைந்து, திரும்ப எழுந்து இணைய இரண்டு மூன்று நிமிடம் ஆகும். இருபது நிமிட நேர்காணலில் அது பெரிய ஓட்டை. ரவுட்டருக்கென்றே விற்கும் 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்று வாங்கிவிட்டால் இந்தப் பிரச்சினை இல்லை. ஃபைபர் பெட்டியும் வைஃபை ரவுட்டரும் தனித்தனியாக இருந்தால் இரண்டுக்கும் மின்சாரம் வேண்டும். ஒன்றுக்கு மட்டும் கொடுத்து ஏமாறாதீர்கள். வாங்குவதற்கு முன் ரவுட்டரின் அடாப்டரில் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று அச்சிட்டிருக்கும், அதைப் பார்த்து வாங்குங்கள்.

ஐரோப்பிய நேர்காணல் பகலில் வருவதால் அதற்கு வேறு கவலை. மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்வாரியம் காலை 9 மணியிலிருந்து பிற்பகல் வரை நிறுத்தும் பகுதிகளின் பட்டியல் முதல் நாள் பத்திரிகையில் வரும். உங்கள் தெரு அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

மாற்று வழியாகச் செல்போன் ஹாட்ஸ்பாட். ஜூமில் இருவர் மட்டும் பேசும் எச்டி (720பி) தரப் படத்துக்கு இரு திசையிலும் தலா 1.2 மெகாபிட் வேகம் தேவை. ஒரு மணி நேரத்துக்குக் கிட்டத்தட்ட 1 ஜிபி போய்விடும். உங்கள் பிளான் நாளுக்கு ஒன்றரை ஜிபி என்றால் மாலையிலேயே ரீல்ஸ் பார்த்துத் தீர்த்துவிடாதீர்கள். தீர்ந்தால் வேகம் 64 கிலோபிட்டுக்கு இறங்கும், குரல்கூட ஒழுங்காகப் போகாது. கணக்கு நள்ளிரவில் புதுப்பிக்கப்படும் என்பதால் 11 மணி நேர்காணலுக்குத்தான் ஆபத்து, 1 மணிக்கு இல்லை. போன் வேறு கம்பெனியுடையதாக இருக்கட்டும். வீட்டு ஃபைபரும் போனும் ஒரே கம்பெனி என்றால் இரண்டும் சேர்ந்து படுக்க வாய்ப்பு உண்டு.

மடிக்கணினியை ரவுட்டரோடு லேன் கேபிளில் இணையுங்கள். மேல் மாடியில் வைஃபை இரண்டு கோடு காட்டுகிறது என்பதை நம்ப வேண்டாம். ஜூமை முதல் நாளே புதுப்பியுங்கள். விண்டோஸ் அப்டேட்டை ஒரு வாரத்துக்கு நிறுத்தி வையுங்கள், இல்லையென்றால் அது சரியாக அந்த நேரத்தில்தான் நினைவுக்கு வரும். ஜூம் கணக்கில் பெயர் அப்பாவின் பெயராகவோ "ரெட்மி" என்றோ இருந்தால் மாற்றுங்கள்.

குரல், வெளிச்சம்

படம் மங்கினால் மன்னிப்பார்கள், குரல் கரகரத்தால் சலிப்பார்கள். மைக் உள்ள வயர் ஹெட்செட்தான் சிறந்தது. புளூடூத் இயர்பட் மைக்காக வேலை செய்யத் தொடங்கியதும் ஒலித்தரம் இறங்கிவிடும், சார்ஜும் நடுவில் தீரும். மின்விசிறியை அணையுங்கள். ஜனவரி இரவில் சென்னையில் அது இல்லாமலும் இருக்கலாம், கொசுவுக்கு மட்டும் ஏதாவது செய்துகொள்ளுங்கள். மாலை நேரமென்றால் வீட்டில் குக்கர் வைக்கும் நேரத்தைக் கேட்டு வையுங்கள்.

டியூப் லைட் உங்கள் முகத்துக்கு எதிரே இருக்க வேண்டும். நம் வீடுகளில் அது சுவரில் ஒரே இடத்தில்தான் இருக்கும், ஆகவே மேசையைத் திருப்பிப் போடுவதுதான் வழி. கேமரா கண் மட்டத்துக்கு வர மடிக்கணினியின் கீழே நான்கு தடித்த புத்தகமோ கவிழ்த்த எவர்சில்வர் டப்பாவோ வையுங்கள். பின்னால் பீரோவும் சாமி காலண்டரும் தெரிந்தால் குறையில்லை. பொய்ப் பின்னணி போட்டுக் காதைக் காணாமல் அடிப்பதைவிட அது மேல். சின்னக் கட்டம் போட்ட சட்டை கேமராவில் அலையடிக்கும், ஒரே நிறச் சட்டை அல்லது குர்தா போடுங்கள். கீழே லுங்கியோடு உட்காருபவர்கள், மெயின் டிரிப் ஆகி எழுந்து ஓட வேண்டி வரலாம் என்பதை நினைவில் வையுங்கள்.

பேசும்போது

நம் தலையாட்டலை அவர்கள் படிக்கத் தெரியாதவர்கள். சரி என்பதற்கு நாம் பக்கவாட்டில் ஆட்டுவது திரையில் இல்லை என்பது மாதிரி தெரியும். வாயால் "எஸ்" என்று சொல்லிவிடுங்கள். சார், மேடம் வேண்டாம். புரொஃபசர் என்று சொல்லிப் பெயரின் கடைசிப் பகுதியைச் சேருங்கள். முதல் பெயரில் கூப்பிடச் சொன்னால் கூப்பிடலாம், நாக்கு வரவில்லை என்றால் எதுவும் சொல்லாமலும் ஓட்டலாம்.

கடலுக்கு அடியில் போய் வரும் பேச்சு என்பதால் கொஞ்சம் தாமதம் இருக்கும். அவர் முடித்ததும் மனத்துக்குள் ஒன்று எண்ணிவிட்டுப் பேசுங்கள். இல்லையென்றால் இருவரும் ஒரே சமயம் தொடங்கி, இருவரும் ஒரே சமயம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள்.

கேள்வி புரியவில்லை என்றால், புரிந்த அளவை உங்கள் வார்த்தையில் திருப்பிச் சொல்லி இதுதானா என்று கேளுங்கள். பதில் தெரியவில்லை என்றால் தெரியாது என்று சொல்லி, அதோடு நிறுத்தாமல், எப்படிக் கண்டுபிடிப்பேன் என்று ஒரு சோதனையைச் சொல்லுங்கள். அவர் பார்க்க விரும்புவது அதைத்தான். சுற்றி வளைத்து மழுப்பினால் இன்னும் இரண்டு கேள்வி கேட்டு மூலையில் நிறுத்துவார்.

குறிப்புகளைக் கேமராவுக்குக் கீழே ஒரு தாளில் ஐந்து வார்த்தைக்கு மேல் வைக்காதீர்கள். கண் இடமிருந்து வலமாக ஓடுவது எதிரே அப்படியே தெரியும். பக்கத்துத் திரையில் ஏஐ-யைத் திறந்து வைத்துப் பதில் வாங்கலாம் என்ற யோசனையும் இதே காரணத்தால் உதவாது: கேள்விக்கும் பதிலுக்கும் இடையில் வரும் அந்த நீண்ட மௌனத்தை அவர்கள் இப்போது நன்றாகவே அறிவார்கள்.

இணைப்பு போய்விட்டால் பதறாமல் ஹாட்ஸ்பாட்டில் அதே லிங்கைத் திறங்கள். இரண்டு நிமிடத்தில் வரவில்லை என்றால் ஒருங்கிணைப்பாளருக்கு மின்னஞ்சல். அந்த முகவரியும், எல்லா லிங்குகளும் பாஸ்கோடுகளும் ஒரு தாளில் கையால் எழுதி மேசையில் இருக்க வேண்டும். மடிக்கணினியே அணைந்த பிறகு அதற்குள் இருக்கும் காலண்டரை எங்கே தேடுவது?

நீங்கள் கேட்க வேண்டியவை

கடைசி ஐந்து நிமிடம் உங்களுடையது. பேராசிரியரிடம்: அடுத்த வருடம் சுழற்சிக்கு மாணவர் எடுக்கிறீர்களா, வெளிநாட்டு மாணவரின் உதவித்தொகை முதல் வருடத்துக்குப் பிறகு எந்தக் கணக்கிலிருந்து வரும், ஆய்வகத்தின் மானியம் நடுவில் முடிந்தால் மாணவருக்கு என்ன ஏற்பாடு. மாணவர்களிடம் வேறு மாதிரி கேளுங்கள்: உதவித்தொகையில் வாடகை எவ்வளவு போகிறது, சேர்ந்த ஆய்வகம் ஒத்துவராமல் மாறியவர்கள் உண்டா, மாற எவ்வளவு நாள் ஆனது. மாணவர் அரட்டை மதிப்பீட்டில் சேராது என்று சொல்வார்கள். இருந்தாலும் அங்கே பிற பல்கலைக்கழகங்களைத் திட்டிக்கொண்டிருக்காதீர்கள்.

முடிந்த ஒரு நாளுக்குள் ஒவ்வொருவருக்கும் மூன்று வரியில் நன்றி எழுதுங்கள், அவரோடு பேசிய ஒரு விஷயத்தைக் குறிப்பிட்டு. எல்லோருக்கும் ஒரே வாசகத்தை அனுப்ப வேண்டாம், அவர்கள் ஒரே தாழ்வாரத்தில்தான் இருப்பார்கள்.

பதில் வர சில நாளும் ஆகலாம், சில வாரமும் ஆகலாம். இடம் கிடைத்தால் கடிதத்தில் உதவித்தொகை எத்தனை வருடத்துக்கு, கல்விக் கட்டணமும் மருத்துவக் காப்பீடும் அதில் சேர்ந்ததா என்று படித்துப் பாருங்கள். அமெரிக்க மேற்படிப்புக் கல்வி நிறுவனங்களின் கூட்டமைப்பு (சிஜிஎஸ்) கொண்டுவந்த ஏப்ரல் 15 தீர்மானத்தில் கையெழுத்திட்ட அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் உதவித்தொகையுடன் இடம் கொடுத்தால், அந்தத் தேதிக்கு முன் முடிவு சொல்லும்படி உங்களை நெருக்க முடியாது. வேறு நேர்காணல்கள் பாக்கி இருந்தால் அதைச் சொல்லியே காத்திருங்கள். ஆனால் போகப்போவதில்லை என்று தெரிந்துவிட்ட இடத்தை அன்றே எழுதி விட்டுக்கொடுங்கள், காத்திருப்போர் பட்டியலில் அடுத்து நிற்பவர் நுங்கம்பாக்கத்துக்காரராகவே இருக்கலாம்.